கண்ணீர் இறங்கும் வழி

எட்டு மாதம் என் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அதில் ஒரு சொட்டுகூட அழுகை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீதியில் இன்றுவரை அதை நம்புகிற ஆள் ஒருவரும் கிடையாது. இதே தொந்தரவு இருக்கிறவர்கள் படித்துப் பயன்பெறட்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். படித்து அவர்களுக்குப் புத்தி வரும் என்ற நம்பிக்கை மட்டும் எனக்கு இல்லை.

நான் கணக்கு டீச்சர். கீழ்பென்னாத்தூரில் முப்பத்தோரு வருடம் பின்னத்தையும் வட்டியையும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். திருவண்ணாமலையில் கலெக்டர் ஆபீசைச் சுற்றி, வேங்கிக்கால் பக்கம் புது மனைகள் போட்டபோது ஒன்று வாங்கி வீடு கட்டினேன். நான், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மகன் சேகர், அவன் மனைவி மஞ்சுளா, மூன்று பேர். மஞ்சுளா போளூர்ப் பெண். ஒரு அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வேலை. அவள் கெட்டிக்காரி என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

தீபாவளி கழிந்த ஒரு காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எழுத்து கலங்கியது. துடைத்தேன். மறுபடி கலங்கியது. வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. வாளி நிரம்பினால் வழிவது போலக் கண் நிரம்பி வழிந்தது, அவ்வளவுதான். காற்று பட்டால் ஜாஸ்தி. குனிந்தால் கன்னம் வழியாக ஓடும். முந்தானையால் துடைத்துத் துடைத்து இமை ஓரம் புண்ணாகிவிட்டது.

ஊரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்து, "அலர்ஜிம்மா, தூசி" என்றார். சொட்டு மருந்து எழுதினார். ஏற்கெனவே தண்ணீர் நிற்காத கண்ணில் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு மாதம் கிடந்தேன். அடுத்தவர் "புரை ஆரம்பம், முத்தட்டும்" என்றார். எது முத்த வேண்டும், எனக்கு இருக்கும் பைத்தியமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தலையில் கட்டினார். அதைப் போட்டால் தண்ணீர் வெளியே தெரியாது, உள்ளே குளம்போல நிற்கும். பிறகு வீதி வைத்தியம். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டு என்றாள் ஒருத்தி. தாய்ப்பால் விடு என்றாள் இன்னொருத்தி. அறுபத்தோரு வயதில் தாய்ப்பாலுக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கோயிலுக்கு ஒருமுறை போனேன். வரிசையில் நிற்கும்போது வழக்கம்போலக் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. முன்னால் நின்ற மெட்ராஸ் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார். "அம்மா உருகி நிக்கிறாங்க, வழி விடுங்கப்பா" என்று சத்தம் போட்டார். கூட்டம் பிளந்தது. நான்கு நிமிடத்தில் சாமி முன்னால் இருந்தேன். நோயால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். பின்னால் ஒரு பெண் என் புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படிப்பட்ட ஊரில்தான் என் வீட்டுக் கதையும் நடந்தது.

மார்கழி பிறந்தது. எங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுவது நான்தான். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. மஞ்சுளா வைக்கும் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காது. பதினைந்து புள்ளி வரிசையில் எட்டாவது புள்ளி தெருப்பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு கணக்கு டீச்சர் வாசலில் அதை அனுமதிக்க முடியாது. ஆகவே விடிகாலையில் நான் வாசலில் குனிந்திருப்பேன், அவள் உள்ளே அடுப்படியில் மூன்று பேருக்கும் சமைத்துக்கொண்டிருப்பாள். ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று முகத்தில் அடிக்கும். கண் கொட்டும். இழுத்த இழையின்மேல் சொட்டு விழுந்து மாவு கரையும். நான் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த இழையை இழுப்பேன்.

வீதி இதைத்தான் பார்த்தது. வயதான மாமியார், குளிரில், தனியாக, அழுதுகொண்டே கோலம் போடுகிறாள். மருமகளைக் காணோம். எங்கள் வீதிப் பெண்களுக்கு அந்தச் சமயம் கேபிள் டிவி வந்த புதிது. தினம் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைக்கும் அழுகிற மாமியாரையும் அழ வைக்கிற மருமகளையும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தார்கள். எங்கள் வாசலில் அதே காட்சி காசில்லாமல் கிடைத்தது. விடுவார்களா?

இந்த நாட்களில் மஞ்சுளா என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அத்தை, இனிமே நீங்க வெங்காயம் நறுக்காதீங்க. அடுப்புப் பக்கமும் வராதீங்க. புகை பட்டா கண்ணு இன்னும் ஜாஸ்தியாவுது. நானே பாத்துக்கறேன்."

நல்லெண்ணத்தில் சொன்னாள். இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் காதில், என் வீட்டு அடுப்படியிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னதாக விழுந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் பார்த்து எதிர்வீட்டு வசந்தா வந்தாள்.

வசந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கிண்ணம் நிறையச் சேதி வாங்கிக்கொண்டு போகிறவள். வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மஞ்சுளா ஆபீசுக்குப் போயாகிவிட்டது என்று தெரிந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எத்தினி நாளா பாக்கறேன் டீச்சர். மனசு கேக்கல. பெத்த புள்ளகிட்டயாவது சொல்லலாமில்ல?"

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் எதைக் கேட்கிறாள், என்ன பதிலுக்குக் காத்திருக்கிறாள், எல்லாம். "அடி பைத்தியமே, இது கண்ணு நோவு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"என்னத்தச் சொல்றது வசந்தா. விடு" என்றேன்.

அது எனக்கு இனித்தது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் பொய்யை மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். அந்த நான்கு வார்த்தையில் ஒரு பொய்யும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வசந்தா மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் ஊரறிந்தது. என்மேல் இருப்பதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

பௌர்ணமிக் கூட்டம் மலையைச் சுற்றி முடிப்பதற்குள் அந்த வார்த்தை வேங்கிக்காலைச் சுற்றி முடித்துவிட்டது. எங்கள் வீதியில் பாதிப்பேர் மஞ்சுளாவுடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவளுடைய சூப்பிரண்டெண்ட் அவளைக் கூப்பிட்டு, "வயசானவங்கள அனுசரிச்சுப் போம்மா" என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கூட உட்காருகிற பெண்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சேகருக்கு எதையும் நேராகக் கேட்கும் பழக்கம் கிடையாது. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பான், பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வான்.

பங்குனியில் மஞ்சுளாவின் அப்பாவும் அம்மாவும் போளூரிலிருந்து வந்தார்கள். வழக்கமாக வேர்க்கடலையும் சிரிப்புமாக வருகிற மனிதர் அன்றைக்கு ஆப்பிள் பையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை.

"எம் பொண்ணு ஏதாவது தப்புதண்டா பண்ணியிருந்தா சொல்லுங்க சம்பந்தியம்மா. கண்டிக்கறேன். நீங்க கண்ணு கலங்கறீங்கன்னு கேள்விப்பட்டு ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

"அய்யய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தங்கமான பொண்ணு" என்றேன். உண்மையாகவே பதறித்தான் சொன்னேன். சொல்லும்போதே மின்விசிறிக் காற்று பட்டு இரண்டு கண்ணும் கொட்டிவிட்டது. "இது கண்ணு நோவுங்க" என்று துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

அந்த மனிதர் எழுந்து என் முன்னால் கைகூப்பினார். அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அடுப்படி வாசலில் தண்ணீர்ச் சொம்போடு மஞ்சுளா நின்றிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். "கெளம்புங்க அத்தை, பாண்டிச்சேரி போறோம்" என்றாள். அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி இருப்பதை விசாரித்து வைத்திருந்தாள். விடியற்காலை பஸ். ஜன்னல் கண்ணாடி மூடாத பஸ். திண்டிவனம் போவதற்குள் என் புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது. மஞ்சுளா என்னை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து காற்றை மறைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். எல்லாருக்கும் கழுத்தில் நம்பர். ஒரு பெஞ்சில் கூப்பிட்டு அடுத்த பெஞ்சில் உட்காரவைப்பார்கள், அதிலிருந்து அடுத்ததற்கு. காலையிலிருந்து நாங்கள் முன்னேறியது ஏழு பெஞ்சு. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் புரை எத்தனை வருடம் முத்தியது என்பதை என்னிடம் மூன்று முறை சொன்னார். புரையில் அவ்வளவு பெருமை.

கடைசியில் பார்த்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். என் மாணவியாக இருந்தால் முதல் பெஞ்சில் உட்காருகிற ரகம். அவள் மட்டும்தான் என் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கண்ணோரம் தொட்டாள். கண்ணெல்லாம் மஞ்சள் சாயம். ஐந்து நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "போட்ட சாயம் போட்ட எடத்துலயே நிக்குது" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கண்ணீர் எல்லாருக்கும் நாள் முழுக்க ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அழாவிட்டாலும் ஊறும். அது வெளியே வழியாததற்குக் காரணம், மேலிமையிலும் கீழிமையிலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஊசி குத்தியது போல ஒவ்வொரு துளை இருக்கிறது. கண்ணாடியில் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஊறுகிற நீர் அந்தத் துளை வழியாகச் சின்னக் குழாயில் இறங்கி மூக்குக்குள் போய்விடுகிறது. அதனால்தான் அழும்போது மூக்கும் ஒழுகுகிறது. வயதானால் சிலருக்கு அந்தத் துளையின் வாய் சுருங்கிப்போகும், தோல் மூடிக்கொள்ளும். வீட்டுச் சாக்கடையின் வாய் அடைத்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு இரண்டு கீழிமையிலும் துளை இருந்த இடத்தில் ஒரு வெளிறிய புள்ளிதான் மிச்சம்.

"இத்தன நாள் யாரும் இமைய இழுத்துப் பாக்கலியாம்மா?" என்று கேட்டாள்.

"டார்ச் அடிச்சுப் பாத்தாங்க" என்றேன்.

"டார்ச்சா" என்றாள். அந்த ஒரு சொல்லில் எங்கள் ஊர் டாக்டர்கள் இருவரையும் முடித்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அடுத்தது எனக்கு உயிர் போன கட்டம். மரத்துப்போகும் சொட்டு விட்டுவிட்டு, ஒரு மெல்லிய கம்பியை அந்தப் புள்ளியில் வைத்துச் சுழற்றித் துளையைத் திறந்தாள். பிறகு முனை மழுங்கிய ஊசியை அதில் நுழைத்து உப்புத் தண்ணீர் செலுத்தினாள். கண்ணுக்கு நேரே ஊசி வருவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் மஞ்சுளாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் வளையல் ஒன்று உடைந்தது.

"தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா? கரிச்சா சொல்லுங்க" என்றாள் டாக்டர்.

கரித்தது. "கரிக்குது, கரிக்குது" என்று கத்தினேன். அப்படியென்றால் கீழே குழாய் நன்றாக இருக்கிறது, வாய்தான் அடைப்பு. திறந்தாகிவிட்டது, போய் வாருங்கள் என்றாள். பத்து நாள் நன்றாக இருந்தது. இருபதாம் நாள் துளை திரும்பவும் சுருங்கி, வழக்கம்போலக் கொட்ட ஆரம்பித்தது. அப்படி ஆகலாம், ஆகிவிட்டால் மறுபடி வாருங்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாள். வீதிக்கு அந்தப் பத்து நாள் கண்ணில் படவே இல்லை. இருபதாம் நாளை மட்டும் சரியாகப் பார்த்தார்கள்.

வைகாசியில் மறுபடி போனோம். இந்தமுறை துளையின் உட்பக்கம் கத்தரியால் சின்னதாக வெட்டி, திரும்ப மூடாதபடி வாயை அகலமாக்குவது. இமையில் ஒரு ஊசி போட்டபோது மட்டும் சுரீர் என்றது. வெட்டும்போது கத்தரியின் சத்தம் கேட்டது, வலி இல்லை. இரண்டு கண்ணுக்கும் அரைமணி நேரம். வெளியூர் என்பதால் மறுநாளும் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று வார்டில் கட்டில் கொடுத்தார்கள்.

மஞ்சுளா ஒரு தாளில் மணி வரிசையாக எழுதிக் கட்டிலில் ஒட்டினாள். நான்கு வேளைச் சொட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு. தயிர்சாதம் பிசைந்து ஸ்பூனைக் கையில் வைத்தாள். தலைகுனிந்து சாப்பிடக் கூடாது என்று தட்டை என் மோவாய்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். என் மகன் அன்றைக்கு ஒருமுறை போன் பண்ணி, "எல்லாம் ஓகேவா" என்று கேட்டான். நான் பெற்ற பிள்ளையின் பங்கு அவ்வளவு.

மத்தியானம் வார்டு அடங்கியிருந்தது. சொட்டு விட்டுவிட்டு, என் கண் மூடியிருக்கும்போது அவள் கேட்டாள்.

"அத்தை, வசந்தாக்காகிட்ட நீங்க என்னா சொன்னீங்க?"

எவ்வளவு நாளாக இந்தக் கேள்வியை வைத்திருந்தாளோ. சொட்டு விட்டால் மூன்று நிமிடம் கண் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதற்காக நான் அன்றைக்கு நன்றி சொன்னேன்.

"ஒண்ணும் சொல்லல மஞ்சு" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலயா?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் என் கன்னத்தில் வழிந்த மருந்தைப் பஞ்சால் ஒற்றினாள்.

"சொல்லியிருக்கலாம் அத்தை" என்றாள். பிறகு சாதாரணமாக, கறிகாய் வாங்கியதைச் சொல்வதுபோல, "விழுப்புரத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். உங்க கண்ணு சரியாவட்டும்னுதான் இத்தினி நாள் இருந்தேன். அவரும் கேக்கறேன்னாரு."

"மஞ்சு, தப்பு எம் மேலதான். நான் போய்ச் சொல்றேன் எல்லார்கிட்டயும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்.

"செரி அத்தை. இன்னும் ஒரு நிமிஷம் தொறக்காதீங்க" என்றாள்.

ஆனி மாதம் மாறுதல் உத்தரவு வந்தது. சேகருக்கும் அந்தப் பக்கமே கிடைத்தது. ஒரு வேனில் பீரோ, கட்டில், அவளுடைய தையல் மெஷின். வேனில் ஏறுமுன் மஞ்சுளா என் இமையை இழுத்து, டாக்டரைப் போலவே, துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். திறந்திருந்தது. மருந்துத் தாளை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். வேன் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திரும்புகிறவரை நின்றேன். தொண்டை உப்புக் கரித்தது. கன்னத்தில் ஒன்றும் வரவில்லை. புது வாய் நன்றாக வேலை செய்தது.

அன்றைக்குச் சாயந்திரமே டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு வசந்தா வீட்டுக்குப் போனேன். டிவியை அணைக்கச் சொன்னேன். சீட்டை விரித்து, துளை, குழாய், மூக்கு என்று எல்லாவற்றையும் ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோல விளக்கினேன். "மஞ்சுளா மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கி உங்கிட்ட நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுதான் தப்பு. என்னக் கூட்டிம்போயி, கூடவே இருந்து, கண்ணத் தொறந்து விட்டதே அவதான்" என்றேன்.

வசந்தா எல்லாவற்றையும் கேட்டாள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு டீச்சர். போனதுக்கு அப்பறமும் அவள விட்டுக்குடுக்க மாட்டேங்கறீங்க பாருங்க."

நான் அவளை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அதையும் அவள் பாசத்தோடு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்தேன். பதினைந்துக்கு எட்டு, இடைப்புள்ளி. ஏரிப் பக்கமிருந்து ஆனிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. குனிந்து இழுத்தேன். ஒரு சொட்டு வரட்டும், எதிர்வீட்டு வசந்தா பார்க்கட்டும், மருமகள் போனபிறகும் டீச்சருக்குக் கண் கொட்டுகிறது என்று தெரியட்டும் என்று நிமிர்ந்து காற்றுக்கு எதிராகக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

எதிர் வாசலில் வசந்தா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா? அவ போயி ஒரு நாளுதான் ஆவுது. டீச்சருக்குக் கண்ணே காஞ்சிடுச்சு."